அம்மையின் பாயில் அதிகாரி

மேற்கு மலை அடிவாரத்தில், குளக்கரையை ஒட்டி ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். ஓட்டுக்கூரை, நாலு தூண், வாசலில் ஒரு முருங்கைமரம், அவ்வளவுதான். வாசலில் நின்று பார்த்தால் ரோட்டில் பஸ் ஸ்டாப் தெரியும். அங்கே இருந்த துறவிப் பெண்ணை எல்லோரும் அம்மை என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பதுகூட இருக்காது. பேச்சும் கொஞ்சம்தான்.

அம்மையின் சீடர் என்று சொல்லிக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. பெயர் குற்றாலிங்கம். டவுனில் ஒரு அரசாங்க ஆபீசுக்கு அவர்தான் பெரிய அதிகாரி. தலை முழுக்க நரை. "மக வயசுப் பொம்பளைகிட்டப் போய் உபதேசம் கேக்காரே மனுஷன்" என்று ஆபீசில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று முருங்கை மரத்தடியில்.

"அம்மை, மண்டை வெடிச்சிரும் போல இருக்கு."

"முதல்ல தண்ணி குடிங்க அண்ணாச்சி."

குடித்தார். பிறகு கொட்டித் தீர்த்தார்.

சங்கதி இதுதான். தொற்று பரவிய காலத்தில் அவருடைய ஆபீசில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. தொற்று போயிற்று. உத்தரவு போகவில்லை. பழைய கட்டடம் ஒழுகுகிறது, புதுக் கட்டடம் எழும்பும்வரை இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது புதுக் கட்டடமும் தயார். பளபளவென்று தரை, பெரிய ஹால், வரிசையாக நாற்காலிகள். உட்காரத்தான் ஆளில்லை. சென்னையிலிருந்து தலைமை அலுவலகம் கேட்டுவிட்டது: எல்லோரும் ஆபீசுக்கு வருவதா, வீட்டிலேயே இருப்பதா? திங்கட்கிழமை காலைக்குள் உமது கருத்து ஒரே வரியில் வேண்டும்.

ஒரே வரியில்! அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரமாகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம். யூனியன்காரர்கள் வந்து மேஜையைத் தட்டினார்கள். மனு கொடுக்க வந்த ஜனங்கள் வாசலில் கத்தினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. இவர் இரண்டு தரப்பையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, யார் வந்தார் யார் வரவில்லை என்று ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த காகிதங்கள் மேஜையில் உயர்ந்துகொண்டே போனது வேறு கதை.

"யாரைத்தான் நம்ப அம்மை?" என்றார் குற்றாலிங்கம். "ஆபீசுக்கு வாரவனைப் போய்ப் பாத்தா, நாற்காலியில பை இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு, மூக்குக்கண்ணாடிகூட மேஜையில இருக்கு. ஆளு டீக்கடையில. சரி, வீட்டுல இருக்கவனாவது ஒழுங்கான்னு பாத்தேன். ஆளு வேலையில இருந்தா கம்ப்யூட்டர்ல பச்சை விளக்கு எரியும். ஒருத்தன் என்ன செஞ்சான் தெரியுமா? டேபிள் ஃபேன்ல நூலைக் கட்டி, அதுல மவுஸைக் கட்டிவிட்டுட்டு, வயலுக்கு அறுப்புப் பாக்கப் போயிட்டான். ஃபேன் தலையாட்டுதவரைக்கும் பச்சை விளக்கு!"

அம்மை வாய்விட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரப் பய."

"சிரிக்காதீங்க அம்மை. எனக்கு அழுகை வருது. ஜெபசெல்வின்னு ஒரு கிளார்க். புருஷன் பக்கவாதத்துல கட்டிலோட கிடக்கான். வீட்டுல இருந்துதான் வேலை பாக்கா. ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாரும் வரணும்னு நான் எழுதினா அவ வேலையை விட்டுரணும். வர வேண்டாம்னு எழுதினா ஃபேன்காரன் கொண்டாடுவான், மனுவைத் தூக்கிட்டு வாரவன் காலி நாற்காலியைப் பாத்து என்னை ஏசுவான். எதை எழுத?"

"உங்களுக்கு எது வேணும்?"

"எனக்கா?" அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எல்லாரும் ஆபீசுக்கு வரணும்."

"எதுக்கு?"

"ஒழுங்கு இருக்கும். கட்டுப்பாடு இருக்கும். ஜனங்களுக்கும்..."

"எதுக்கு?"

முருங்கையில் இரண்டு காகம் சண்டை போட்டன. குற்றாலிங்கம் அதைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்.

"முன்னெல்லாம் காலையில நான் உள்ள நுழைஞ்சா ஹாலே எழுந்து நிக்கும் அம்மை. அத்தனை நாற்காலியும் நகருத சத்தம் கேக்கும். இப்ப கதவு திறந்துவிடுத டபேதார் மட்டும் நிக்கான். புதுத் தரையில என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குது. அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆகப்போறேன். இப்பவே ஆயிட்ட மாதிரி இருக்கு."

சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மை செம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. குறை சொல்ல ஜனம் வரும். என் பாயில நீங்க உக்காருங்க" என்றாள்.

"நானா? நான் என்னத்த சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டா போதும்."

அட, இதென்ன பதில்? கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் குரு சொல்லிவிட்டாளே. மறுநாள் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்து அம்மையின் கோரைப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மை பின்னால் தூணோரம் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு பெண் வந்து மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் அழுதாள். இவர் தலையாட்டினார். அடுத்து ஒருவர், கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினார். பரவாயில்லையே, இது நமக்குக் கைவந்த வேலைதான் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மூன்றாவதாக ஒரு பெரியவர். வலது காலை இழுத்து இழுத்து நடந்துவந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். உட்காரவே நேரம் பிடித்தது.

"சாமி, எனக்கு ஒரே மக..." என்று தொடங்கினார்.

குற்றாலிங்கம் கேட்கத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மனசுக்குள் ஒரு வழி பளிச்சிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு! அடடா, இது ஏன் முன்பே தோன்றவில்லை? பெரியவர் பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபசெல்விக்கு மட்டும் ஐந்து நாளும் வீடு என்று எழுதலாம். அவளுக்குக் கொடுத்தால் ஃபேன்காரன், என் மாமனாருக்கு முட்டுவலி என்பானே? பெரியவர் காலைத் தடவிக்கொண்டு டவுன் என்றார், புதன்கிழமை என்றார். மூன்று நாள் என்றால் எந்த மூன்று நாள்? எல்லோரும் திங்கள், வெள்ளியை வீட்டுக்கு வைத்துக்கொள்வார்களே? வேண்டாம், ஒரே வரிதான் கேட்டிருக்கிறார்கள். இத்தனையும் ஒரு வரியில் எப்படி அடங்கும்?

திடீரென்று அமைதியாக இருந்தது. பெரியவர் பேசி முடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும் சாமி?"

குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் எத்தனை வருஷ சர்வீஸ்! முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"எல்லாம் நல்லபடியா நடக்கும். போயிட்டு வாங்க."

பெரியவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு, தரையில் கையை ஊன்றி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போனார்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, பின்னால் இருந்து அம்மை கேட்டாள்.

"அந்தப் பெரியவர் பேரு என்ன அண்ணாச்சி?"

"பேரா... சொன்னாரா?"

"மாடக்கண்ணு. என்ன குறைன்னு வந்தாரு?"

"மகளைப் பத்தி ஏதோ. பஸ்ஸுன்னாரு. காலு சரியில்லைன்னாரு."

"யாருக்குக் காலு?"

"அவருக்குத்தான். பாத்தேனே."

"அவருக்கும்தான்" என்றாள் அம்மை. கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "மகளுக்கு ரெண்டு காலும் வராது. டவுன்ல அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துல இப்பதான் இடம் கிடைச்சிருக்கு. புது அடையாள அட்டையைப் புதன்கிழமைக்குள்ள கொண்டுபோய்க் காட்டணும். காட்டலைன்னா அந்த இடம் வேற பிள்ளைக்குப் போயிரும்."

குற்றாலிங்கம் கேட்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை.

"அட்டையை எந்த ஆபீசுல குடுப்பாங்க?"

"உங்க ஆபீசுலதான்."

"அது ஜெபசெல்வி பாக்குத வேலை" என்றார் அவசரமாக. குரலில் ஒரு தெம்புகூட வந்தது. "பாத்தீங்களா அம்மை? அவ வீட்டுல இருக்கா. அதனாலதான் இந்த மாதிரி..."

"அந்தப் பொண்ணு போன்லயே பெரியவருக்குச் சொல்லிட்டாளாம். 'தாத்தா, என் வேலை அன்னைக்கே முடிஞ்சுட்டு. பெரிய அதிகாரி கையெழுத்துதான் பாக்கி'ன்னு."

கையெழுத்தாகாமல் மேஜையில் கிடந்த அந்தக் காகிதக் கட்டு குற்றாலிங்கத்தின் கண் முன்னால் வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்கு வருகிறவர் அவர். ஒருநாள் லீவு போட்டதில்லை. அந்தக் கட்டுக்கு நேர் எதிரேதான் தினமும் உட்கார்ந்திருக்கிறார். அவமானம் காதுவரை ஏறிச் சுட்டது.

"புரிஞ்சுட்டு அம்மை" என்றார். "வீட்டுல இருந்தவ வேலையை முடிச்சிட்டா. ஆபீசுலயே குடியிருந்த நான் முடிக்கலை. ஆளு எங்க இருந்தா என்ன? எல்லாரும் வீட்டுலயே இருக்கட்டும்னு எழுதிருதேன்."

"போன்லதான் பதில் கிடைச்சிட்டே. பிறகு எதுக்கு அவரு ரெண்டு பஸ் மாறி, அந்தக் காலை இழுத்துக்கிட்டு இங்க வந்தாரு?"

குற்றாலிங்கம் பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"ஒரு மனுஷன் முகத்தைப் பாத்துச் சொன்னாத்தான் மனசு ஆறும்னு வந்திருப்பாரு."

"ம்."

"அப்படின்னா எல்லாரும் ஆபீசுல இருக்கணும். ஜனம் வந்தா பாக்க ஒரு முகம் வேணும்லா?"

"இன்னைக்கும் ஒரு முகத்தைப் பாத்துத்தானே சொன்னாரு?"

அதற்கு மேல் அவரால் பாயில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். எழுந்தவருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. வாசல்வரை நடந்தார், திரும்பி வந்தார்.

"என்ன அம்மை இப்படிக் குழப்புதீங்க! நேத்து வரும்போது பாதிக் குழப்பத்தோட வந்தேன். இப்ப முழுசும் குழம்பி நிக்கேன். வீடுன்னா அதுவும் இல்லைங்கீங்க, ஆபீசுன்னா அதுவும் இல்லைங்கீங்க. நாளைக்குக் காலையில நான் பதில் அனுப்பணும். நான் என்னத்தத்தான் எழுத? நீங்களே சொல்லுங்க."

அம்மை கீரைக் காம்புகளை ஒருபக்கமாக ஒதுக்கினாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டிக் கீழே வைத்துவிட்டு, வாசலைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு மணி பஸ் இன்னும் வரலை அண்ணாச்சி. பெரியவர் ஸ்டாப்லதான் நிக்காரு."