ரூபாய் விழுந்ததும் மேனேஜருக்கு வியர்த்ததும்

துபாயில் எங்கள் கட்டட கம்பெனி மேனேஜர் வைத்தியலிங்கம், மன்னார்குடிக்காரர். ஒருநாள் நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கு வந்து, "ரூபாய் விழுந்துடுச்சு. அதே திர்ஹாமுக்கு ஊர்ல கூடுதலா கிடைக்குது. அதனால உங்க சம்பளத்துல பத்து சதவீதம் பிடித்தம்" என்றார்.

ஆபீசில் டீ போடும் மரியசூசை மட்டும் தலையாட்டினான். "நியாயம்தான் சார். 'ஊருக்குப் பணம் அனுப்பும் இந்தியர் எல்லோருக்கும்'னு எழுதிடுங்க. இல்லேன்னா எவனாவது தப்பிச்சுக்குவான்."

மேனேஜர் அப்படியே எழுதி அரபி முதலாளியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்ல யோசனை. பெரிய சம்பளம் உன்னுடையதுதான். உன்னிடமே ஆரம்பிப்போம்."

மேனேஜருக்கு வியர்த்தது. "ஐயா, ரூபாய் விழுந்தா ஊர்ல அரிசியிலிருந்து சிமெண்ட் வரை விலை ஏறிடும். கூடுதலா வர்றது அதுக்கே பத்தாது."

முதலாளி காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

மரியசூசை மேனேஜர் முன்னால் டீயை வைத்தான். "எங்க வீட்டு அரிசிக்கும் சேர்த்துப் பேசினதுக்கு நன்றி சார்."