கெண்டை மீன்களின் துள்ளல் விழா

மலையடிக் காட்டுக் குட்டையில் கெண்டை மீன்கள் வாழ்ந்தன. காலை வெயில் பட்டதும் அவை கூட்டமாகத் துள்ளி ஆடும். வெள்ளச்சி என்ற கெண்டைதான் எல்லாரையும்விட உயரமாகத் துள்ளும். சடையன் என்ற கீரி தினமும் கரையில் உட்கார்ந்து ரசிக்கும்.

ஒருநாள் சடையன் சொன்னது: “தங்கச்சி, இந்த ஆட்டத்தை நானும் நாலு முயலும் மட்டும் பார்த்தா போதுமா? பெரிய விழாவா நடத்துவோம்! எல்லாப் பொறுப்பும் என்னோடது!”

மீன்களுக்கும் ஆசை வந்தது.

சடையன் சேதி சொல்ல மைனாக்களை நாலா திசைக்கும் அனுப்பியது. “மீன் ஆட்டமா? இந்த வெயில்ல யார் வருவா?” என்று மிருகங்கள் சிரித்தன.

சடையன் யோசித்தது. விளம்பரத்தை மாற்றியது. “ஆட்டம் பாருங்க! வயிறு நிறையக் குளிர்ந்த தண்ணி குடிங்க!”

வெள்ளச்சி பதறியது. “அண்ணே, அந்தத் தண்ணி எங்க வீடாச்சே!”

“ஆளுக்கு ஒரு வாய் குடிச்சா என்ன குறைஞ்சிடப் போகுது?”

விழா நாள் வந்தது. யானைகள் வந்தன. காட்டெருமைகள், பன்றிகள், மான்கள் வந்தன. “அடேயப்பா, என்ன கூட்டம்!” என்று சடையன் குதித்தது.

மீன்கள் துள்ளின. வந்த மிருகங்களோ தாகத்தில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கின.

“ஆளுக்கு ஒரு வாய்! ஒரே ஒரு வாய்!” என்று சடையன் கத்தியது. யார் காதிலும் விழவில்லை.

உச்சி வெயிலுக்குள் குட்டை சேறாகிவிட்டது. கூட்டமும் கலைந்தது. சடையன் மீன்களைப் பல் படாமல் கவ்வி, தூரத்துப் பாறைச் சுனைக்கு ஒவ்வொன்றாகத் தூக்கி ஓடியது. கடைசியாக வெள்ளச்சியிடம் வந்தது.

“அண்ணே, யாராச்சும் எங்க ஆட்டத்தைப் பார்த்தாங்களா?”

சடையனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒருத்தரும் பார்க்கலை, தங்கச்சி.”

சுனையில் விட்டபோது வெள்ளச்சியிடம் அசைவு இல்லை. பிழைத்தவை மூன்றே மீன்கள். அவை அதன் பிறகு ஆடவே இல்லை.

மழை பெய்து குட்டை நிரம்பியது. சடையன் தலை கவிழ்ந்து கரையில் உட்கார்ந்திருந்தது. அந்த வழியாக வந்த ஒரு யானை உற்சாகமாகக் கேட்டது:

“அன்னைக்கு ரொம்ப நல்லா நடத்தினே, தம்பி! அடுத்த விழா எப்போ?”

சடையன் எழுந்து போய்விட்டது.

விழாவுக்குக் கூட்டம் சேர்ப்பவர், அந்தக் கூட்டத்தை இடமும் கலைஞர்களும் தாங்குவார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.