அகரவரிசையில் பன்னிரண்டு ஊர்

கிழிந்த கூட்ட நோட்டீஸின் இரண்டு பாதியையும் கோமதிநாயகம் தார்ப்பாயின்மேல் வீசினார்.

"பாருங்கம்மா. முனைக்குப்பம் தலைவர் மகன். நேத்து என் கண்ணு முன்னாலயே கிழிச்சான்."

அமலோற்பவம் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கடல்பாசியைப் பரப்பிக் காயவைப்பதைத் தொடர்ந்தாள். காற்றில் தார்ப்பாயின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது.

பாசி எடுக்கும் பெண்களைப் பதினெட்டு ஊர்களில் ஒன்றுசேர்த்தவள் அவள். நாற்பது வயது. கடல் ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கோமதிநாயகத்துக்கு அறுபத்துமூன்று. ஆள் சேர்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள நான்கு மாதமாக அவள் வீட்டு முற்றத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

"எதுக்குக் கிழிச்சானாம்?"

"அடியக்கரை பேரு முதல்ல இருக்காம். நான் அகரவரிசையிலதான் போட்டேன்."

"அகரவரிசை எந்த ஊர்க்காரரு சார்?"

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. கோடையில் கடல் சூடேறித் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறை வெளுத்துச் செத்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு ஊரும் மூன்று மாதம் அங்கே வலை போடாமல் விட்டால் மிச்சமாவது பிழைக்கும். பத்து ஊர் சம்மதித்துவிட்டது. பாறைக்குப் பக்கத்திலிருக்கும் முனைக்குப்பமும் அடியக்கரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார மாட்டோம் என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

"முப்பது வருஷமா அந்தப் பாறையைப் பாக்குறேன்மா. முந்தாநாள் முங்கினேன். பாதி வெள்ளை. மேல வந்ததும் என்ன செய்யன்னே தெரியல. இவங்க பேரு வரிசைக்குச் சண்டை போடுறாங்க. நீங்களும் நாலு மாசமா ஒரு வார்த்தை சொல்லித்தரல."

"செத்த பேசாம இருங்க."

அவள் சன்னலைப் பார்த்தாள். கணவன் கடலுக்குப் போகும் நாட்களில் அங்கே வயர்லெஸ் பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"எஞ்சின் நின்னுபோச்சு. தீவுக்குத் தெக்க கிடக்கேன். நீரோட்டம் இழுக்குது. பக்கத்துல யாரு இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"நான் இருக்கேன். நங்கூரத்தைப் போட்டு வையி. கயிறோட வாறேன்."

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல பேசினது அடியக்கரை மிக்கேல்தானே?"

"ஆமா."

"ரெண்டாவது?"

"உங்க நோட்டீஸைக் கிழிச்ச பையன்."

"அவனைப் போயி இழுத்துட்டு வரப்போறானா?"

"பின்ன, கடல்லயே விட்டுட்டா வருவான்?"

"அப்போ என் கூட்டத்துக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்கிறான்? நானும் மரியாதையாத்தான் கூப்பிட்டேன். சால்வை உண்டு, மத்தியானம் சாப்பாடு உண்டுன்னு சொன்னேன். இன்னும் என்னத்தைச் சொல்ல?"

அமலோற்பவம் பாசியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"மிக்கேல் எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொன்னான். என்ன செய்யன்னு தெரியலன்னு எங்கிட்ட சொன்னதை நீங்க அவங்ககிட்ட சொல்லவே இல்லையே சார்."

கோமதிநாயகம் எழுந்து, பையிலிருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துத் தார்ப்பாயின் எழும்பிக்கொண்டிருந்த ஓரத்தில் பாரமாக வைத்துவிட்டு, படகுகள் கரையேறும் பக்கமாக நடந்தார்.