மஞ்சணத்திக்குக் கட்டாத நூல்

நல்லபெருமாள் ஆசானிடம் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த பூதலிங்கத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகளைப் பறிகொடுத்துவிட்டு, பதினேழாம் நாள் ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

ஆசான் மஞ்சணத்தி இலை ஆய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளுக்கு மாந்தம் கண்டால் அந்த இலையைத்தான் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள்.

"இரி" என்றார்.

அவன் உட்காரவில்லை.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுது. ஓடிப் போயி மஞ்சணத்தியக் கொப்போட ஒடிச்சுட்டு வந்துட்டேன். நூலு கெட்டல்ல."

மருந்துக்கு இலை பறிக்கும் முன் மரத்துக்கு மஞ்சள் நூல் கட்டி, தண்ணீர் தெளித்து, உத்தரவு கேட்க வேண்டும். ஆசானிடம் முதல் பாடமே அதுதான். கேட்காமல் பறித்தால் அது மருந்தில்லை, வெறும் தழை என்பார். பாவம், பிள்ளை கண் செருகிக் கிடக்கும்போது எந்தத் தகப்பனுக்கு நூல் தேடத் தோன்றும்?

"வீட்டுக்காரி பகவதி எங்கூடப் பேசிப் பதினேழு நாளாச்சு. நூலு கெட்டாமப் பறிச்சுப் பிள்ளையக் கொன்னுட்டேன்னு அவ அம்மைகிட்டச் சொல்லி அழுதா. அதுனாலதானா ஆசானே? ஆமான்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி. ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆசான் இலையைக் கீழே வைத்தார். உள்ளே போய் எதையோ எடுத்து வந்து அவன் கையில் வைத்தார். கறுத்துப்போன வெள்ளி அரைஞாண். நாலு வயசுப் பிள்ளையின் இடுப்புக்குத்தான் காணும்.

ஆறு வருஷம் அந்த வீட்டில் புழங்கியும், ஆசானுக்கு ஒரு மகன் இருந்தது பூதலிங்கத்துக்குத் தெரியாது.

"இவனுக்கும் மாந்தம்தான்" என்றார் ஆசான். "குளிச்சு, ஈர வேட்டியோட மரத்துக்குப் போனேன். தண்ணி தெளிச்சு, நூலு கெட்டி, உத்தரவு கேட்டு, அப்புறந்தான் பறிச்சேன். ஒரு குறை வைக்கல்ல."

பூதலிங்கம் அரைஞாணை விரலால் தடவினான்.

"அப்போ நூலு காரணமில்லையா?"

"உனக்குச் சொல்லிக்கிட ஒரு நூலாவது இருக்கு மக்கா" என்றார் ஆசான். "நான் எதுல தப்புப் பண்ணினேன்னு முப்பத்தோரு வருஷமாத் தேடுகேன்."