ஏணியை எடுங்க, அண்ணாச்சி

கோமதிநாயகத்துக்கு ஒரே கவலை, தன் மூஞ்சிதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். கொப்புளம் போன இடம் தெரியவில்லை. ஆனால் கன்னம் இரண்டும் உப்பிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. பத்து நாளில் மகள் ஆவுடைக்குக் கல்யாணம். போட்டோக்காரன் வேறு வருவானே!

அன்று அவருடைய குரு, மடத்து மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். சீடர் கோமதிநாயகத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர். கோமதிநாயகம் கீழே மூங்கில் ஏணியைப் பிடித்தபடி நின்றார்.

“சாமி, நோய்தான் போயிடுச்சே. நாளையிலிருந்து மாத்திரையை விட்டுடலாம்னு பார்க்கிறேன்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“வாரத்துக்கு ஒண்ணாக் குறைச்சு, ஆறு வாரத்தில் நிறுத்தணுமாம். திடீர்னு விட்டா உடம்பு தாங்காது, மயங்கி விழுந்துடுவேங்கிறார். சும்மா பயமுறுத்துறார் சாமி. நான் நல்லாத்தானே இருக்கேன்!”

குரு மேலிருந்து எட்டிப் பார்த்தார். முழங்கை வரை பாசி.

“தொட்டி கழுவியாச்சு, அண்ணாச்சி. ஏணியை எடுத்துக் கொட்டகையில் போட்டுடுங்க.”

குரு சொல்லைத் தட்டுகிற ஆள் இல்லை கோமதிநாயகம். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

“அட! நீங்க மேலேயே நிக்கிறீங்களே சாமி!”

“வேலைதான் முடிஞ்சுதே. இனி ஏணி எதுக்கு?”

“எப்படி இறங்குவீங்க?”

“குதிச்சிடுறேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்தார் குரு.

“ஐயையோ, வேண்டாம் சாமி! இடுப்பு போயிடும்!” கோமதிநாயகம் ஓடிவந்து ஏணியைச் சுவரில் சாத்தினார். “ஒவ்வொரு படியா இறங்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“நான் நல்லாத்தானே இருக்கேன், அண்ணாச்சி?”

கோமதிநாயகம் சட்டைப் பையில் இருந்த மருந்துச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

குரு நிதானமாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

“ஆறு வாரமும் இறங்கித்தான் ஆகணுமா சாமி?”

“ஆறுன்னா ஆறு. நடுவில் குதிக்கவும் வேண்டாம், ஏழாவதைத் தேடிக்கிட்டு ஏணியிலேயே நிக்கவும் வேண்டாம்.”

“அப்போ கல்யாணப் போட்டோ? இந்தப் பூசணிக்காயை வச்சுக்கிட்டா?”

குரு அந்தக் கன்னங்களை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மணமேடையில் நல்லாத் தெரியிற மாதிரி நில்லுங்க, அண்ணாச்சி. திருஷ்டிக்குத் தனியா ஒண்ணு வாங்க வேண்டாம்.”