வண்டியை விட்டுட்டுப் போங்க

ராத்திரிக் குளிரில் நின்ற டீசல் வண்டி, விடிந்ததும் எழுந்திருக்க அடம்பிடித்து, உடம்பை உலுக்கி, வெள்ளைப் புகையைக் கக்கினால் நோய் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கோத்தகிரியில் டாக்சி ஓட்டும் மருதமுத்து இதைத்தான் மெக்கானிக் ஜெபமலரிடம் கேட்டார்.

தலை நரைத்த பிறகு தொழில் கற்க வந்த சீடர் அவர். தன்னைவிடச் சின்னவளை வாய் நிறைய டீச்சரம்மா என்பார். டாக்சி ஸ்டாண்டில் அதைச் சொல்லியே தினமும் சிரிப்பார்கள்.

அவள் சொல்லித்தந்தபடி, குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மாற்றிவிட்டார். டீசல் ஃபில்டரும் புதுசு. பைப்பில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாயிற்று. பகலில் அவள் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பேட்டரியும் சரியாகவே இருந்தது. வண்டியின் இருமல் நிற்கவில்லை.

போன வாரம் பிரசவ வலி எடுத்தவளை ஏற்ற, இவர் வண்டி கிளம்பாமல் வேறு வண்டி போனது. இன்னொரு தரம் இப்படி ஆனால் ஸ்டாண்டில் இடமில்லை என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஜெபமலர் வண்டிப் பக்கம் போனாள். பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"நோயாளி குளிச்சு, பவுடர் பூசிக்கிட்டு வந்தா நான் என்னத்தைப் பார்க்கிறது?"

"பின்னே, தள்ளிக்கிட்டா வர முடியும்?"

"வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க. நல்லா ஆறட்டும். காலையில நானே சாவியைத் திருப்புறேன்."

அன்றைக்கு ஊட்டி சவாரி இருக்கிறது என்றார். மறுநாள், மகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகணும் என்றார். அதற்கப்புறம், வாசலில் வண்டியைக் காணாவிட்டால் மகள் பதறிவிடுவாள் என்றார்.

மகள் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டார். வீட்டையே அவள் பேருக்கு எழுதிவைத்தவர். அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பும், மருமகன் தன்னைத் தாங்குகிற தாங்கும் கேட்டுக் கேட்டு ஜெபமலருக்கு மனப்பாடம்.

சொன்ன பேச்சு கேட்காத சீடர். சரி, வண்டி வராவிட்டால் நாம் போவோம் என்று நினைத்தாள்.

விடிந்தும் விடியாமலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் முன்னாடியே ஸ்டார்ட் செய்து வைத்துவிடுவார்.

அவர் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வேலியோரம் வண்டி. பானெட்டைத் தொட்டாள். ஐஸ்கட்டி. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வண்டிக்குள் ரேடியோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தது.

கண்ணாடியெல்லாம் உள்ளே மூச்சு படிந்து வெளுத்திருந்தது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தாள். பின்சீட்டில் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கம்பளிக்குள் மருதமுத்து. தலைமாட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டு, டம்ளர், பல் துலக்கும் பிரஷ். மேலே சின்ன விளக்கு, எரிகிறதா இல்லையா என்று தெரியாத மங்கலில்.

ராத்திரியெல்லாம் ரேடியோவுக்கும் விளக்குக்கும் உழைத்த பேட்டரியில், இன்ஜினைச் சுழற்ற விடிகாலையில் என்ன மிஞ்சும்? பிளக் எதைக்கொண்டு சூடாகும்? பகலில் ஓட ஓட பேட்டரி மறுபடி தேறிவிடும். மத்தியானத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் விழித்துக்கொண்டார். கண்ணாடியைச் சுற்றி இறக்கினார்.

"ராத்திரி ரேடியோவை அணைச்சிடணும்," என்றாள். தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அணைச்சா ரொம்ப அமைதியா இருக்கே."

வீட்டுக்குள் யாரோ லைட்டைப் போட்டார்கள். கதவு திறக்கவில்லை.

அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இந்தத் தரம் டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை.

"ஸ்டாண்டுல கேட்டா, பேட்டரி பழசாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு தாயி."