ஆறு பட்டை வெண்டைக்காய்

ஓர் அங்கன்வாடியின் காய்கறிக் கூடையில் ஒருநாள் முற்றிப்போன வெண்டைக்காய்கள் சில கிடந்தன. சாம்பாருக்கு ஆகாது என்று ஆயா ஒதுக்கிவிட்டார். எஸ்தர் டீச்சர் அவற்றைக் குறுக்கே நறுக்கிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வண்ணத்தில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் பூ வரும். என்ன நிறம், எத்தனை இதழ் என்று சொல்ல வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. அதில் ஒரு சிவப்புப் பூ. கீழே கொட்டை எழுத்தில் 'ஐந்து'.

முதல் வெண்டைக்காய் சிவப்பில் ஐந்து இதழ் பதித்தது. "அப்படித்தான்!" என்றது சார்ட்.

நான்கு வயது நிறைமதி தன் வெண்டைக்காயை நீலத்தில் தோய்த்தாள். அழுத்தி எடுத்து, விரல் வைத்து எண்ணினாள். ஆறு.

"நிறமும் தப்பு, கணக்கும் தப்பு!" சார்ட் சீறியது. "ஏய் முற்றல், அடுத்த தடவை கொஞ்சம் சாய்ந்து நில். ஓர் இதழ் பதியாது. யாருக்குத் தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியுமே," என்றது வெண்டைக்காய். "நான் காய்த்ததே ஆறு பட்டையோடுதான். சாய மாட்டேன்."

டீச்சர் வந்தார். தாளைச் சரியாகப் பார்க்காமலே, "அஞ்சுதானே கண்ணு? சார்ட்டைப் பாரு," என்றார்.

"ஆறு டீச்சர்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நிறைமதிக்கு உதடு பிதுங்கியது.

"சிரித்துவிட்டுப் போகட்டும். நீ என்னை நேராகப் பிடித்து அழுத்து," என்றது வெண்டைக்காய்.

அவள் அழுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி மறுபடி அழுத்தினாள். தாள் முழுக்க நீலப் பூக்கள். ஒன்றுகூட ஆறுக்குக் குறையவில்லை. டீச்சரின் விரலைப் பிடித்து இழுத்து ஒரு பூவின் மேல் வைத்தாள்.

"நீங்களே எண்ணுங்க."

டீச்சர் எண்ணினார். ஐந்தோடு நின்ற விரல், மிச்சமிருந்த இதழைக் கண்டு தயங்கியது. முதலிலிருந்து எண்ணினார்.

"ஆறுதான்டா. நான்தான் எண்ணாமலே சொல்லிட்டேன்."

"ஐந்து! ஐந்து!" என்று சார்ட் ஆணியில் கிடந்து படபடத்தது.

டீச்சர் புதிதாக ஒரு காயை நறுக்கினார். "இதுல எத்தனை இதழ் வரும்?"

யாரும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

"அச்சு வைங்க டீச்சர். எண்ணிட்டுச் சொல்றோம்."